கம்பியின் சாட்சியம்

 

பரமத்தி வேலூர்க்காரர்களுக்கு மட்டம் பார்ப்பது புதிய வேலையன்று. காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்காலையும் வாழையையும் நம்பிப் பிழைக்கும் ஊர் இது. காலையில் நாளிதழ் வந்தவுடன் எங்கள் ஊர்ப் பெரியவர்களின் கண்கள் முதலில் தேடுவது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத்தான். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது அவர்களுக்கு மனப்பாடம். இன்று எத்தனை அடி, நேற்று எத்தனை அடி, வரத்து எவ்வளவு, ராஜவாய்க்காலில் தண்ணீர் எத்தனை நாள் ஓடும் என்றெல்லாம் கணக்கிட்ட பிறகே தேநீர்க் கோப்பையை எடுப்பார்கள். ஆனால் அதே பெரியவர்களின் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரின் எஞ்சினுக்குள் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் டிரைவர் பார்த்துக்குவார்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

நம்முடையது லாரிகளின் மாவட்டம். விடியற்காலையில் வண்டி எடுக்கும் முன்னர் "ஆயில், தண்ணி பார்த்தாச்சா?" என்று கேட்காத லாரி ஓட்டுநர் இங்கே இல்லை. கிளீனராகச் சேரும் பையன் கற்கும் முதல் பாடமும் அதுவேயாகும். லாரிக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு வீட்டுக் காருக்குக் கிடைப்பதில்லை. பழைய கார் என்றால் சொல்லவே வேண்டாம்.

பழைய கார்கள் நம் வீடுகளை விட்டு இன்னும் போய்விடவில்லை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் அம்பாசிடர் கார் உற்பத்தியை 2014 மே மாதத்தில் நிறுத்தியது. 1983 இல் சாலைக்கு வந்த மாருதி 800 உம் அதே 2014 இல் உற்பத்தி நின்றது. நிறுத்தப்பட்டது உற்பத்திதானே தவிர, ஓட்டமன்று. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தபோதும் கட்டிவிட்டு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. நிக்காஹ் வீட்டுக்கும் ஜனாஸாவுக்கும், நள்ளிரவில் வலி கண்ட பெண்ணை நாமக்கல்லுக்கோ கரூருக்கோ கொண்டு செல்வதற்கும் அந்தக் கார்களே இன்றும் பல வீடுகளில் பயன்படுகின்றன. அவற்றில் ஏறுகிறவர்களின் உயிர் நம்மிடம் அமானிதம். ஆதலால் இதை ஓட்டுநருக்கு மட்டுமே உரிய விஷயமாக நான் கருதவில்லை.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை அகற்றிவிட வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் அலாவுதீன் விளக்கைப் போன்ற படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று உண்டல்லவா? ஆயில் குறைந்தால் அது எரியும், அதுவரை கவலையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய கார்களில் அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதன்று. ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவது. அளவு குறைந்து, பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சி, அழுத்தம் விழுந்த பின்னரே அது எரியும். அதற்குள் உள்ளே பேரிங்குகள் வறண்டு தேயத் தொடங்கியிருக்கும். அளவைச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான். அது எஞ்சினின் பக்கத்தில் செருகப்பட்டிருக்கும் டிப் ஸ்டிக் என்னும் அளவுக் கம்பி.

சாட்சி என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். சாட்சி உண்மையாளராக இருந்தால் மட்டும் போதாது. அவரை விசாரிக்கிற முறையும் சரியாக இருக்க வேண்டும். கோபத்தில் இருக்கும்போது காழி தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் விதித்திருப்பதை மதரஸா மாணவர்கள் அறிவார்கள். எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது கம்பியை உருவித் தீர்ப்புச் சொல்வதும் அதைப் போன்றதே. அப்படிச் சொல்லப்பட்ட ஒரு தீர்ப்பு, ஒரு மனிதரின் மானத்தைத் தொட்ட கதையைச் சொல்கிறேன்.

என் மாமா ஒருவர் வெற்றிலை மண்டி வைத்திருக்கிறார். அவரிடம் 1989 ஆம் ஆண்டின் மார்க் 4 அம்பாசிடர் ஒன்று இருக்கிறது, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதை ஓட்டுகிறவர் ஒரே ஓட்டுநர்தான். வாரம் ஒரு முறை மாமாவின் வேலையாகச் சேலம் போய்த் திரும்புவார். வரும் வழியில் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தினால், அங்குள்ள பையன் பானெட்டைத் திறந்து கம்பியை உருவிக் காட்டுவான். "அரை லிட்டர் குறையுது" என்பான். ஓட்டுநர் அரை லிட்டர் வாங்கி ஊற்றி, ரசீதைக் கொண்டுவந்து கொடுப்பார். இப்படி வாரந்தோறும் நடந்தது.

மாமாவின் மகன் ஒரு நாள் மாலை, கார் வீட்டுக்கு வந்து நின்ற சூட்டோடு கம்பியை எடுத்துப் பார்த்திருக்கிறார். கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது ஆயில். வாங்கிய ரசீதுகளை அடுக்கிப் பார்த்தார். ஆயில் வாங்கப்படுகிறது, வண்டிக்குள் இல்லை. மெக்கானிக் ஒருவரிடம் கேட்டதற்கு, எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது, போர் வேலை செய்ய வேண்டும், ஐம்பதாயிரத்துக்குக் குறையாது என்று சொல்லிவிட்டார். வண்டியைப் பார்க்காமலே சொன்னார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, ஒன்று எஞ்சின் குடிக்கிறது, அல்லது ஓட்டுநர் எடுக்கிறார். புகை பெரிதாக இல்லையே என்று யோசித்த குடும்பத்தார் இரண்டாவதன் பக்கம் சாய்ந்தார்கள். ஓட்டுநரிடம் கேட்டும்விட்டார்கள். "ஊத்துனது என் கண்ணு முன்னாடிதானுங்க பாய்" என்று மட்டும் அவர் சொன்னாராம். மறுநாள் சாவியைக் கொண்டுவந்து மேசை மீது வைத்துவிட்டார்.

அது ஷஅபான் மாதம். காரின் பழைய ஆங்கிலக் கையேடு ஒன்று இருப்பதாகவும், பி.ஏ. படித்தவன் என்ற முறையில் அதை வந்து படித்துச் சொல்லும்படியும் மாமா என்னை அழைத்தார். போனேன். நான் செய்ததெல்லாம் சாட்சியை மறுபடியும் ஒழுங்காக விசாரித்ததுதான். நீங்களும் உங்கள் வீட்டில் அவ்வாறே செய்யலாம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவதாக, இடம். மாமாவின் வீடு இருக்கும் தெரு ஆற்றை நோக்கிச் சரிகிறது. இருபது அடிக்கு ஓரடி சரிவு என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது சரிவாகவே தெரியாது. ஆனால் கம்பி நுழையும் இடம், ஆயில் தேங்கும் சம்ப்பின் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால், அந்தச் சரிவில் அங்கே மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஏறியோ இறங்கியோ காட்டும். கம்பியில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே உள்ள தூரமே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர்தான். தெருவே பாதிப் பொய்யைச் சொல்லிவிடுகிறது! ஆகையால் காரை மண்டியின் சிமென்ட் தளத்துக்குக் கொண்டு போனோம். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்து, சக்கரங்கள் நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் குறியிட்டோம். ரசமட்டம் இல்லாதவர்கள் விளிம்புள்ள தட்டு ஒன்றில் நீர் ஊற்றித் தரையில் வைத்தாலும் போதும்.

இரண்டாவது, நேரம். எஞ்சின் ஓடும்போது பம்ப் ஆயிலைச் சம்ப்பிலிருந்து இழுத்து மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நிறுத்திய அந்த நொடியில் ஆயிலின் ஒரு பகுதி மேலே ராக்கர்களின் மீதும், உள் வழிகளிலும், சுவர்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது சொட்டிச் சொட்டி இறங்கி வர அவகாசம் தேவை. பழைய கார்களுக்கு நாம் ஊற்றும் 20டபிள்யூ-40 போன்ற கனமான ஆயில் மெதுவாகத்தான் இறங்கும். பங்க்கில் நிறுத்திய அரை நிமிடத்தில் கம்பியை உருவினால், இறங்காத ஆயில் குறைந்த ஆயிலாகத் தோன்றும். குறைந்தது பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சூட்டில் ஆயில் விரியும். 30 டிகிரியில் இருந்த ஆயில் 100 டிகிரிக்குச் சூடேறினால் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குப் பெருகும். நாலரை லிட்டரில் அது இருநூறு மில்லிக்கும் அதிகம். ஒரு நாள் சூட்டிலும் ஒரு நாள் குளிர்ச்சியிலும் பார்த்து இரண்டையும் ஒப்பிடுகிறவர் வீணாகக் குழம்புவார்.

சூட்டில் பார்ப்பதா, குளிர்ச்சியில் பார்ப்பதா என்று கேட்பீர்கள். உங்கள் காரின் கையேடு எதைச் சொல்கிறதோ அதுவே விதி. கையேடு கைவசம் இல்லாத பழைய காருக்கு என் யோசனை இது: சுப்ஹு தொழுதுவிட்டு வந்து, எஞ்சினைத் தொடுவதற்கு முன்னர், அதே இடத்தில், அதே முறையில் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஆயில் முழுவதும் இறங்கி அமைதியாக இருக்கும்.

மூன்றாவது, கை. கம்பியை உருவி நன்றாகத் துடைக்க வேண்டும். மெக்கானிக் கடைகளில் துடைப்பதற்குத் திருப்பூர்ப் பனியன் வேஸ்ட்டைத்தான் கொடுப்பார்கள். அதன் நூல் பிசிறுகள் கம்பியில் ஒட்டி எஞ்சினுக்குள் போகும். வீட்டில் துவைத்து நைந்த வேட்டித் துண்டு ஒன்று போதும். துடைத்த கம்பியைக் கடைசி வரை செருக வேண்டும். தலைப்பகுதி குழாயின் வாயில் முழுமையாக அமர வேண்டும். பிறகு நிதானமாக, நேராக உருவி, நுனி கீழே இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். கம்பி வரும் வழியில் குழாயின் சுவரை உரசினால் ஒரு பக்கத்தில் ஆயில் உயரமாக இழுவிவிடும். ஆகவே இரு பக்கமும் பார்த்து, இரண்டில் எது தாழ்ந்த கோடோ அதையே நம்ப வேண்டும். இரு பக்கமும் பெரிதாக வேறுபட்டால் துடைத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். புதிதாக மாற்றிய ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருப்பதால் கோடு கண்ணுக்குப் படாது. கம்பியின் நுனியை வெள்ளைத் துணியின் மீது படிய வைத்தால் ஈரம் எதுவரை என்று தெரிந்துவிடும். எமரித் தாளால் நுனியை லேசாக உரசிச் சொரசொரப்பாக்கி வைப்பாரும் உண்டு. உரசியபின் தூளைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

இவ்வளவுதான் வேலை. இதற்கு ஆண்பிள்ளைதான் வேண்டும் என்பதில்லை. அரிசிக்கு உலைநீரை விரற்கடையால் அளந்து வைக்கிற நம் வீட்டுப் பெண்கள், இந்தக் கோட்டைப் படிப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள்.

மாமாவின் காரை ஒரு சேலம் பயணத்துக்கு மறுநாள் காலை இவ்விதமாக மண்டித் தளத்தில் பார்த்தோம். ஓட்டுநரையும் வரச் சொல்லியிருந்தேன். கம்பியை அவர் கையாலேயே எடுக்கச் சொன்னோம். ஆயில் கீழ்க்கோட்டில் இல்லை, நடுவிலும் இல்லை. மேல்கோட்டுக்கும் அரை விரற்கடை மேலே நின்றது. வாங்கிய ஆயில் முழுவதும் உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பங்க்கில் அவசரம் பொய் சொன்னது. வீட்டு வாசலில் அவசரமும் சரிவும் சேர்ந்து பொய் சொன்னன. இரண்டு சாட்சிகளும் ஒரே குரலில் பேசியதால் குடும்பமே நம்பிவிட்டது.

அப்படியானால் வாரந்தோறும் ஊற்றிய அரை லிட்டர் எங்கே போயிற்று? அளவுக்கு மேல் ஊற்றிய ஆயிலைச் சுழலும் கிராங்க் அடித்து நுரைக்கச் செய்கிறது. நுரை பிரீதர் குழாய் வழியாகவும், தேய்ந்த சீல்களின் வழியாகவும் வெளியேறுகிறது. ஒரு பங்கு எரிந்தும் போகிறது. மிகுதியை எஞ்சினே வெளியே தள்ளிவிட, அடுத்த வாரம் பையன் மறுபடியும் ஊற்றச் சொல்லியிருக்கிறான். காரின் அடியில் கறை விழுந்ததும் இதனால்தான். நுரை கலந்த ஆயிலைப் பம்ப் தள்ளினால் அழுத்தமும் விழும் என்பதால், குறைவு எத்தனை கெடுதியோ மிகுதியும் அத்தனை கெடுதி.

திருமறையில் அளவில் மோசம் செய்வோரின் பெயராலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அல் முதஃப்பிஃபீன், 83 ஆவது. அதை ஓதும்போதெல்லாம் நாம் தராசு பிடிக்கும் வியாபாரியை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். ஒரு மனிதரின் நாணயத்தைக் கோணல் அளவால் அளந்தவர்களும் அந்த வரிசையில் நிற்க நேருமோ என்று அன்று காலையில் மாமா கேட்டார். என்னிடம் விடை கேட்பதற்காக அவர் கேட்கவில்லை. அடியாருக்குச் செய்த அநீதியை அந்த அடியார் மன்னிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அன்று அஸருக்குப் பிறகு மகனையும் அழைத்துக்கொண்டு ஓட்டுநரின் வீட்டுக்கே போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் சாவி மேசை மீது இல்லை.

எஞ்சினின் விசாரணை மட்டும் மிச்சமிருந்தது. அதற்கு ஒரு நாள் சாட்சியம் போதாது. மேட்டூரின் இன்றைய மட்டம் நேற்றைய மட்டத்தோடு சேர்ந்தால்தானே பொருள் தருகிறது! ஆகையால் பழைய ஆயிலை முழுவதும் வடித்து, ஃபில்டரையும் மாற்றி, கையேட்டில் கண்ட அளவை அளந்து ஊற்றினோம். எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தி, இரவு கழித்து, காலையில் கம்பியில் ஆயில் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டோம். பழைய கார் வைத்திருப்போர் எல்லோரும் இதை ஒரு முறை செய்தே தீர வேண்டும் என்பேன். கைமாறிக் கைமாறி வந்த வண்டிகளில் ஒடிந்த கம்பிக்குப் பதிலாக வேறொரு எஞ்சினின் கம்பியைச் செருகி வைத்திருப்பார்கள்; அதன் கோடுகளுக்கும் உங்கள் எஞ்சினுக்கும் சம்பந்தமே இராது. அளந்து ஊற்றிய ஆயில் கோட்டில் நிற்கவில்லையென்றால் கம்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு மண்டிக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி, ஓடிய கிலோமீட்டர், மட்டம், ஊற்றிய மில்லி என்று நான்கு பத்திகள் போட்டு, வாரம் ஒரு நாள் ஓட்டுநரே எழுதி வந்தார். ரமலான் கழிந்து, பெருநாளும் முடிந்து கணக்குப் பார்த்தபோது, 2,000 கிலோமீட்டருக்கு 600 மில்லி செலவாகியிருந்தது. முப்பது வயது கடந்த எஞ்சினுக்கு அது ஒரு நோயன்று. ஐம்பதாயிரம் ரூபாய் போர் வேலைக்கு அவசியமே ஏற்படவில்லை. அடியில் விழுந்த கறையும் பெருமளவு குறைந்துவிட்டது.

ஊற்றும்போது மேல்கோட்டைத் தொட்டே தீர வேண்டும் என்று எண்ணாதீர்கள். இரு கோடுகளுக்கும் நடுவில் இருந்தாலே எஞ்சினுக்குப் போதும். நூறு, இருநூறு மில்லியாக ஊற்றி, இறங்கவிட்டுப் பார்த்து, மீண்டும் ஊற்றுங்கள். மாருதி 800 போன்ற சிறிய எஞ்சினில் மொத்தமே ஏறக்குறைய மூன்று லிட்டர் ஆயில்தான். அதில் அரை லிட்டர் என்பது ஆறில் ஒரு பங்கு. அம்பாசிடருக்கு ஊற்றிய கைப்பழக்கத்தில் அதற்கு ஊற்றிவிடக் கூடாது. நிறத்தைக் கண்டும் அஞ்ச வேண்டாம். டீசல் வண்டியில் புது ஆயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும்; அது அதன் இயல்பு.

அஞ்ச வேண்டியது வேறொன்று இருக்கிறது. ஊற்றாமலே மட்டம் உயர்ந்தால் "எண்ணெய் பெருகுகிறது, பரக்கத்" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கம்பியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் எஞ்சினோடு பொருத்தப்பட்ட பெட்ரோல் பம்ப்பின் உள்ளே இருக்கும் ஜவ்வு கிழிந்தால், பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். கம்பி பெட்ரோல் மணக்கும். ஆயில் விரலில் தண்ணீராய் வழுக்கும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கட் வழியாக ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வந்திருக்கலாம். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் படியும் வெண்மையான ஆடை இதில் சேராது. அது உள்ளே வியர்த்த ஈரம், நீண்ட ஓட்டத்தில் மறைந்துவிடும். கம்பியிலேயே அந்த நிறமோ பெட்ரோல் மணமோ கண்டால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். பயணம் எத்தனை அவசரமானாலும் வேறு வண்டியைப் பிடித்துப் போய்விட்டு, மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். அவர் வந்ததும் மட்டக் கணக்கு எழுதிய பக்கத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள்.